வாசகர் கேள்வி – பதில்: மழைநீருக்குப் பூங்காவும் குளமும்… போட்ட பணம் திரும்புமா?

மழைத்தோட்டம் (மழைநீர் நின்று மண்ணில் இறங்கும் பள்ளமான தோட்டம்), ஸ்பாஞ்ச் பூங்கா (மழைநீரை உறிஞ்சிப் பிடித்து வைக்கும் பூங்கா), ஏரி தூர்வாரல், நீர் புகும் தரை என்று நகரங்களில் மழைநீரைச் சமாளிக்கச் செய்யும் பசுமைப் பணிகளின் செலவு, பலன் பற்றி வந்த கேள்விகளுக்கு எங்கள் நீரியல் – கட்டுமானக் குழுவின் பதில்கள் இவை. கட்டுமான விலையும் லாரித் தண்ணீர் விலையும் ஊருக்கு ஊர் மாறும். கீழே எடுத்துக்காட்டாக வைத்திருக்கும் ரூபாய்த் தொகைகளுக்குப் பதில் உங்கள் பகுதி விலையைப் போட்டுப் பாருங்கள்.

வாசகர், வேளச்சேரி: எங்கள் தெருக்களில் மழைநீர் வடிகாலை அகலப்படுத்தப் போவதாகச் சொல்கிறார்கள். அது வீண் செலவு, பக்கத்துப் பூங்காவில் குளம் வெட்டினாலே போதும் என்கிறார்கள் சங்கத்தில் சிலர். எது சரி?

எந்த மழைக்கு எது உதவும் என்று கணக்குப் போட்டால் இந்தச் சண்டை பாதி தீர்ந்துவிடும்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஒரு கிரவுண்டு என்பது 223 சதுர மீட்டர். அதன்மேல் 5 செ.மீ. மழை பெய்தால் 11,150 லிட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு பெரிய தண்ணீர் லாரி. உங்கள் பூங்காவை நோக்கி 4 ஹெக்டேர் அளவுள்ள தெருக்களும் வீடுகளும் தண்ணீர் அனுப்புகின்றன என்று வைத்துக்கொள்வோம். பெரும்பகுதி கூரை, சிமென்ட், தார் என்பதால் பெய்வதில் 80 சதவீதம் ஓடி வரும். 5 செ.மீ. மழைக்கு 16 லட்சம் லிட்டர். பூங்காவில் 500 சதுர மீட்டரில் 1.2 மீட்டர் ஆழத்துக்குக் குளம் வெட்டினால் 6 லட்சம் லிட்டர் பிடிக்கும். வருவதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அங்கேயே நின்றுவிடுகிறது. தெருவில் நிற்கும் தண்ணீர் அந்த அளவுக்குக் குறையும்.

அதே இடத்தில் ஒரே நாளில் 30 செ.மீ. பெய்தால்? மண் ஊறிப்போய் 90 சதவீதம் ஓடி வரும். மொத்தம் 1 கோடியே 8 லட்சம் லிட்டர். உங்கள் குளம் அதில் 6 சதவீதத்தைக்கூடப் பிடிக்காது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்தது. அப்படிப்பட்ட மழையைப் பூங்காக் குளம் தடுத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்காகக் குளம் பயனற்றது என்று ஒதுக்குவதும் தவறுதான். ஆண்டில் பெய்யும் நாட்களில் பெரும்பாலானவை சின்ன மழை நாட்கள். வண்டி நின்றுபோவது, கடைக்குள் தண்ணீர் ஏறுவது, மோட்டார் வைத்து இறைப்பது என்று அடிக்கடி நிகழும் நஷ்டம் அந்த நாட்களில்தான் சேர்கிறது. குளத்தின் வரவு அந்தக் கணக்கில் வரும்.

வேளச்சேரிக்கு இன்னொரு விஷயம் உண்டு. உங்கள் பகுதி தாழ்வானது. தண்ணீர் போய்ச் சேரும் இடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். சதுப்பு நிலத்தின் நீர்மட்டம் வடிகாலின் வாயைவிட உயர்ந்துவிட்டால், வடிகாலை எத்தனை அகலப்படுத்தினாலும் தண்ணீர் வெளியேறாது. எதிர்த்துத் திரும்பி வரும். எனவே பொறியாளரிடம் இரண்டு மட்டங்களைக் கேளுங்கள். ஒன்று, வடிகால் முடியும் இடத்தில் அதன் தரைமட்டம். இன்னொன்று, நவம்பர் இறுதியில் சதுப்பு நிலத்தில் வழக்கமாக நிற்கும் நீர்மட்டம். முதலாவது தாழ்ந்திருந்தால், தண்ணீரை மேட்டிலேயே நிறுத்தி வைக்கும் பணிகளுக்குத்தான் முதலில் பணம் போக வேண்டும். வாய் உயர்ந்திருந்தால் வடிகாலும் பயன் தரும், குளமும் பயன் தரும். இரண்டையும் செய்யலாம்.

பள்ளிக்கரணை ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்தது. அதில் சிறு பகுதிதான் இன்று மிஞ்சியிருக்கிறது. 2022ல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அங்கே ஒரு ஹெக்டேரில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்க இடம் இருந்தால் அது ஒரு கோடி லிட்டர். அதே கொள்ளளவைக் கான்கிரீட் தொட்டியாகக் கட்ட லிட்டருக்கு 15 ரூபாய் என்று வைத்தால் 15 கோடி ரூபாய். ஒரு ஹெக்டேர் சதுப்பு மேடாகும்போது நகரம் 15 கோடி ரூபாய்த் தொட்டியை இழக்கிறது. நிலத்தின் விலையை எழுதும் பத்திரத்தில் இந்தத் தொகை எங்கும் வருவதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது உங்கள் பகுதியில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

பொறியியல் மாணவி, திருச்சி: அமெரிக்க நகரங்கள் பசுமைப் பணிகளால் கோடிக்கணக்கில் மிச்சம் பிடித்ததாகப் படித்தேன். அந்தக் கணக்கு நம் ஊருக்குப் பொருந்துமா?

கணக்குப் போடும் முறை பொருந்தும். தொகை பொருந்தாது.

ஃபிலடெல்ஃபியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நகரின் பெரும்பகுதியில் சாக்கடையும் மழைநீரும் ஒரே குழாயில் ஓடுகின்றன. கொஞ்சம் பலமாக மழை பெய்தாலே குழாய் நிரம்பி, கழிவுநீரும் சேர்ந்து ஆற்றில் வழியும். அதைத் தடுக்கப் பூமிக்கடியில் பிரம்மாண்டமான சுரங்கம் வெட்டுவது ஒரு வழி. அதற்குப் பதில் 2011ல் 25 ஆண்டுத் திட்டம் ஒன்றை எடுத்தார்கள், மதிப்பு சுமார் 240 கோடி டாலர். தெருவோரத் தோட்டம், மரக்குழி, நீர் புகும் தரை ஆகியவற்றால் ஒரு ஏக்கர் சிமென்ட் பரப்பில் விழும் முதல் ஒரு அங்குல மழையைப் பிடித்தால் அதற்கு ‘பசுமையாக்கிய ஒரு ஏக்கர்’ என்று பெயர். கிட்டத்தட்ட 10,000 ஏக்கர் என்பது இலக்கு. திட்டத்துக்கு முன் 2009ல் நடந்த ஆய்வு, 40 ஆண்டுகளில் கிடைக்கும் கூடுதல் பலன்களை அப்போதைய மதிப்பில் ஒப்பிட்டது. பாதிப் பரப்பைப் பசுமையாக்கினால் சுமார் 280 கோடி டாலர். சுரங்க வழியில் 12 கோடி டாலர் அளவே. வெப்பம் தணிவது, பொழுதுபோக்கு இடம், வீட்டு மதிப்பு, உள்ளூர் வேலை எல்லாம் முதல் தொகைக்குள் அடக்கம்.

போர்ட்லாந்தில் இன்னும் தெளிவான உதாரணம் இருக்கிறது. ஒரு பகுதியின் பழைய குழாய்களை மாற்ற 14.4 கோடி டாலர் ஆகும் என்று மதிப்பிட்டார்கள். தெருவோரத் தோட்டங்களையும் மரங்களையும் சேர்த்து வடிவமைத்தபோது 8.1 கோடியில் முடியும் என்று கணக்கு வந்தது. அங்கே குழாயை அறவே விடவில்லை, குழாயின் அளவைக் குறைத்தார்கள். அதே நகரம் 1993 முதல் 2011 வரை, கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயைச் சாக்கடையிலிருந்து துண்டித்துத் தோட்டத்துக்குத் திருப்பிய வீட்டுக்காரர்களுக்கு, ஒரு குழாய்க்கு 53 டாலர் கொடுத்தது. 56,000க்கும் மேற்பட்ட குழாய்கள் துண்டிக்கப்பட்டன. எங்களைக் கேட்டால், நம் நகராட்சிகள் முதலில் பின்பற்ற வேண்டியது இதைத்தான். தோண்டவும் வேண்டாம், நிலமும் எடுக்க வேண்டாம்.

ஏன் தொகை பொருந்தாது? அங்கே தீர்க்க வேண்டிய பிரச்சினை ஒரு அங்குல மழையில் சாக்கடை வழிவது. ஒரு அங்குலத்தைப் பிடித்தால் பிரச்சினையில் பெரும்பங்கு போய்விடும். ஃபிலடெல்ஃபியாவில் மழை ஆண்டு முழுவதும் பரவலாகப் பெய்கிறது; இடைவெளியில் மண் காய்ந்து அடுத்த மழைக்குத் தயாராகும். சென்னையில் ஆண்டு மழையான சுமார் 1,400 மி.மீட்டரில் 60 சதவீதம் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கிறது. அடுத்தடுத்த நாள் பெய்யும்போது தோட்டம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். சீனாவில் ஸ்பாஞ்ச் நகரத் திட்டத்தில் இருந்த ஜெங்ஜோவில் 2021 ஜூலை 20 அன்று ஒரே மணி நேரத்தில் 201.9 மி.மீ. பெய்து நகரம் மூழ்கியது. அந்த அளவு மழையை எந்தத் தோட்டமும் தாங்காது.

கோபன்ஹேகன் போன வழி நமக்குக் கூடுதல் நெருக்கம். 2011 ஜூலை 2ல் சுமார் இரண்டு மணி நேரத்தில் 15 செ.மீ. அளவு பெய்து, ஏறக்குறைய 600 கோடி டேனிஷ் குரோனர் சேதம். அதன் பிறகு சுரங்கமும் பூங்காவும் சேர்ந்த திட்டம் போட்டார்கள். அங்குள்ள என்ஹாவே பூங்காவைச் சுற்றித் தாழ்ந்த சுவர் கட்டி, விளையாட்டுத் திடலைப் பள்ளமாக்கியிருக்கிறார்கள். சாதாரண நாளில் பிள்ளைகள் விளையாடுவார்கள், பெருமழையில் 2.26 கோடி லிட்டர் அங்கே நிற்கும். மாநகராட்சித் திடல்களையும் பள்ளி மைதானங்களையும் இரண்டடி பள்ளமாக்கும் யோசனைக்கு இங்கே புதிதாக நிலம் வாங்க வேண்டியதில்லை என்பதே பெரிய லாபம்.

உங்கள் ஆய்வுக்கு ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறோம். வெள்ளச் சேதம் குறைந்தது என்று ஒரு தொகை, வீட்டு மதிப்பு உயர்ந்தது என்று இன்னொரு தொகை போட்டு இரண்டையும் கூட்டாதீர்கள். வெள்ளம் வராது என்பதால்தான் வீட்டு விலை ஏறுகிறது. ஒரே பலனை இருமுறை எண்ணியதாகிவிடும். வேலைவாய்ப்பையும் அப்படியே பலன் பக்கம் சேர்க்கக் கூடாது. கூலி என்பது முதலில் செலவுப் பக்கத்தில் நிற்கும் தொகை. வேறு வேலை கிடைக்காதவர்களுக்கு இது கிடைக்கிறது என்று காட்ட முடிந்தால் மட்டும், அந்த வித்தியாசத்தைப் பலனாக எழுதலாம்.

அடுக்குமாடிச் சங்கச் செயலாளர், அண்ணா நகர்: 24 வீடுகள், மொட்டைமாடி 500 சதுர மீட்டர். கோடையில் லாரித் தண்ணீருக்கே பணம் போகிறது. மழைத்தோட்டம் போடலாமா, உறைகிணறு போடலாமா? எதில் பணம் சீக்கிரம் திரும்பும்?

இரண்டுக்கும் முன்னால் உங்கள் சம்ப்பைப் பாருங்கள். பணம் சீக்கிரம் திரும்புவது அங்கேதான்.

500 சதுர மீட்டர் மாடியில் 5 செ.மீ. மழை பெய்தால், தெறிப்பதும் ஆவியாவதும் போக 22,500 லிட்டர் இறங்கும். சம்ப்பு 20,000 லிட்டர் என்றால் ஒரே மழையில் நிரம்பிவிடும். 24 வீடுகளும் சேர்ந்து நாளைக்கு 10,000 லிட்டர் செலவழித்தால் இரண்டு நாளில் காலியாகி அடுத்த மழைக்கு இடம் வரும். ஆண்டில் 15 முறை நிரம்புகிறது என்று அடக்கமாகவே வைத்தாலும் 3 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரி 2,000 ரூபாய் என்றால் 25 லாரி, 50,000 ரூபாய். குழாய் திருப்புவதற்கும் வடிகட்டித் தொட்டிக்கும் 60,000 ரூபாய் ஆனால் ஒன்றேகால் ஆண்டில் கைக்கு வந்துவிடும்.

அந்தத் தண்ணீர் பெரும்பாலும் மழை மாதங்களில் வரும் தண்ணீர். அப்போது நீங்கள் லாரி வாங்காதவர்களாக இருந்தால், மிச்சமாவது போர்வெல் மோட்டார் ஓடும் மின்சாரம் மட்டுமே. ஆகவே கடந்த இரண்டு ஆண்டு லாரி ரசீதுகளை மாதவாரியாகப் பிரித்து வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். இதைச் செய்யாமல் போடும் கணக்கு கூட்டத்தில் நிற்காது.

செய்யும்போது, மாடியிலிருந்து வரும் முதல் 1.5 மி.மீ. மழையை வெளியே விட்டுவிட வேண்டும். தூசி, பறவை எச்சம் எல்லாம் அதில்தான் வரும். உங்கள் மாடிக்கு அது 750 லிட்டர். குழாயில் ஒரு வால்வு வைத்துக் காவலாளியிடம் ஒப்படைத்தால் இரவில் பெய்யும் மழை வீணாகும். 750 லிட்டர் பிடிக்கும் தனித் தொட்டி ஒன்றை வைத்து, அது நிரம்பிய பின் தானாகச் சம்ப்பு வடிகட்டிக்குப் போகும்படி குழாய் மட்டத்தை அமைத்து, தொட்டியின் அடியில் சொட்டுச் சொட்டாகக் காலியாகச் சிறு துளை விடுங்கள். யாரும் திறந்து மூட வேண்டாம்.

சம்ப்பு நிரம்பி வழிவது உறைகிணற்றுக்கு. அண்ணா நகரில் மேல் அடுக்கு பெரும்பாலும் களிமண். மண்ணை முதலில் சோதியுங்கள். ஒன்றரை அடி அகலம், இரண்டடி ஆழத்தில் குழி தோண்டி முழுக்கத் தண்ணீர் ஊற்றுங்கள். அது முழுவதும் இறங்கிய பின் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலால் பாருங்கள். முதல் முறை அளப்பது ஏமாற்றும், காய்ந்த மண் வேகமாகக் குடிக்கும். மணிக்கு அரை அங்குலத்துக்கு மேல் இறங்கினால் சாதாரண மழைத்தோட்டமே போதும். பெசன்ட் நகர், திருவான்மியூர் மணலில் இதைவிடப் பல மடங்கு வேகமாக இறங்கும். அரை அங்குலத்துக்குக் கீழே என்றால் களிமண்ணைத் தாண்டி மணல் அடுக்கைத் தொடும் வரை உறை இறக்க வேண்டும். எத்தனை அடியில் மணல் என்பதை உங்கள் போர்வெல் போட்டவரின் மண் விவரக் குறிப்பே சொல்லிவிடும். களிமண்ணிலேயே நிற்கும் உறைகிணறு வெறும் தொட்டி. ஒரு மழைக்கு நிரம்பினால் மாதக்கணக்கில் அப்படியே நிற்கும்.

மழைத்தோட்டமும் வேண்டுமென்றால் 100 சதுர மீட்டர் கூரைக்கு அளவு சொல்கிறோம். இரண்டரை செ.மீ. மழைக்கு 2,250 லிட்டர் வரும். மேலே 15 செ.மீ. தண்ணீர் நிற்க இடமும், கீழே 60 செ.மீ. மண் கலவையும் வைத்தால், கலவையில் கால் பங்கு காலியிடம் என்ற கணக்கில் ஒரு சதுர மீட்டருக்கு 300 லிட்டர் பிடிக்கும். அப்படியென்றால் 7.5 சதுர மீட்டர் போதும். கலவை 60 பங்கு ஆற்று மணலோ கழுவிய எம்-சாண்டோ, 20 பங்கு மேல்மண், 20 பங்கு மக்கிய உரம். கழுவாத எம்-சாண்டில் இருக்கும் மாவுத்தூள் ஒரே பருவத்தில் அடைத்துவிடும். கட்டட அஸ்திவாரத்திலிருந்து பத்தடி தள்ளி வையுங்கள். களிமண் என்பதால் அடியில் ஜல்லிக்குள் 4 அங்குலத் துளையிட்ட பி.வி.சி. குழாய் ஒன்றைப் போட்டு வடிகாலுக்கு வெளியேற்றம் கொடுங்கள். வெட்டிவேர், கல்வாழை, நொச்சி ஆகியவை நீரில் நின்றாலும் காய்ந்தாலும் பிழைக்கும். அழகுக்கு என்று புல்தரை விரிக்காதீர்கள். கோடையில் அதுவே தண்ணீர் கேட்கும்.

உறைகிணற்றுக்கும் தோட்டத்துக்கும் போகும் தண்ணீரை லாரிக் கணக்கில் சேர்க்க வேண்டாம். நிலத்தடிக்குப் போன நீர் உங்கள் வேலிக்குள் நிற்பதில்லை, தெருவே அதை இறைக்கும். ஆனால் தெருவே சேர்ந்து செய்தால் எல்லோருடைய போர்வெல் மட்டமும் உயரும். 2003ல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதன் அடிப்படை இதுதான். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அளவு: 2019 ஜூலையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். அது 5 ஹெக்டேர் கூரைமேல் பெய்யும் 5 செ.மீ. மழைதான்.

வாசகர், தாம்பரம்: வளாகம் முழுக்க பேவர் பிளாக் போட்டோம், தண்ணீர் இடுக்கு வழியே இறங்கும் என்றார் ஒப்பந்ததாரர். இறங்கவே இல்லையே?

இறங்காது. சாதாரண பேவர் பிளாக்கின் கீழே கிரஷர் தூளை விரித்து அடித்திருப்பார்கள். இடுக்கிலும் அதையே நிரப்பியிருப்பார்கள். தூள் ஈரமாகி இறுகினால் சிமென்டுக்குச் சமம். சரியான முறையில் மேலிருந்து கீழே, அகன்ற இடுக்கு உள்ள கல், இடுக்கில் 3 முதல் 6 மி.மீ. கழுவிய சிப்ஸ், கல்லின் கீழே 5 செ.மீ. அதே சிப்ஸ், அதன் கீழே 30 செ.மீ. தூளில்லாத ஜல்லி இருக்க வேண்டும். ஜல்லியில் 40 சதவீதம் காலியிடம் என்பதால் 12 செ.மீ. மழையை அது தன்னுள் வைத்துக்கொள்ளும். அடி மண்ணை ரோலர் விட்டு இறுக்கக் கூடாது. கார் ஏறும் இடத்தில் லேசாகச் சமன் செய்தால் போதும்.

முழுவதையும் பெயர்க்க வேண்டாம். தண்ணீர் தேங்கும் தாழ்வான ஓரத்தில் ஒன்றரை மீட்டர் அகலப் பட்டையை மட்டும் எடுத்துவிட்டு இப்படிப் போடுங்கள். மீதித் தரையின் தண்ணீர் அங்கே வந்து இறங்கும். அந்தப் பட்டையின் அருகே மணல், சிமென்ட் கொட்டிக் கலக்க யாரையும் விடாதீர்கள். இத்தகைய தரைகள் கெட்டுப்போவது பெரும்பாலும் பக்கத்து வீட்டுக் கட்டட வேலையால்தான்.

இல்லத்தரசி, குரோம்பேட்டை: மழைத்தோட்டத்தில் தண்ணீர் நின்றால் கொசு வராதா?

கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர நம் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். தோட்டத்தில் தண்ணீர் 24 மணி நேரத்தில் வற்ற வேண்டும். 48 மணி நேரத்துக்கு மேல் நின்றால் அடைப்பு இருக்கிறது என்று பொருள். மேலே படிந்த வண்டலை இரண்டு அங்குலம் சுரண்டி எடுத்துப் புது மணல் போடுங்கள். டெங்கு கொசுவுக்குத் தோட்டத்தைவிட மாடியில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டையும், மூடாத சம்ப்பு வாயும்தான் பிடித்த இடம். மூடியை முதலில் பாருங்கள்.

வாசகர், மதுரை: எங்கள் கண்மாயை அழகுபடுத்துகிறார்கள். உள்ளே மண் கொட்டி நடைபாதை, மின்விளக்கு. கண்மாய் பிழைத்தது என்று சந்தோஷப்படலாமா?

நடைபாதை கரையின் மேல் என்றால் சந்தோஷப்படலாம். நீர் பரவும் இடத்துக்குள் என்றால் கணக்கைப் பாருங்கள். 3 மீட்டர் அகலத்தில் 2 கிலோமீட்டர் பாதை, அந்த இடத்தில் சராசரியாக ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் 9,000 கன மீட்டர் போயிற்று. அதாவது 90 லட்சம் லிட்டர், 750 லாரி. அந்தக் கொள்ளளவைத் தொட்டியாகக் கட்ட, முன்பு சொன்ன 15 ரூபாய்க் கணக்கில் 13.5 கோடி. பாதை போட்ட செலவு ஒரு பக்கம் இருக்க, இழந்த இடத்தின் விலை இது. திட்ட அறிக்கையில் பணிக்கு முன்னும் பின்னும் உள்ள கொள்ளளவைக் கன மீட்டரில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம்.

தூர்வாருவதிலும் ஏமாற்றம் உண்டு. ஒரு ஏக்கரில் ஓரடி மண் எடுத்தால் 12 லட்சம் லிட்டர் இடம் கிடைக்கும், உண்மைதான். ஆனால் மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளம் முதல் மழையிலேயே நிரம்பி, அப்புறம் காலியாகாது. நிலத்தடி நீருக்கு அது நல்லது; வெள்ளத்துக்கு உதவாது. வெள்ளத்தைத் தாங்குவது, மழை வரும் அன்று கலங்கல் (கண்மாய் நிரம்பியதும் உபரி நீர் வழியும் இடம்) மட்டத்துக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே இருக்கும் காலியிடம் மட்டுமே. நவம்பரில் கலங்கல் வரை நிரம்பி நிற்கிற கண்மாய்க்கு வெள்ள மதிப்பு பூஜ்யம். மதகு ஒழுங்காகத் திறந்து மூடுகிறதா, பெருமழை எச்சரிக்கை வந்தால் யார் திறப்பார்கள், திறந்த நீர் எந்த வாய்க்காலில் போகும் என்பவற்றுக்குப் போடும் சில லட்சங்கள், கோடிகளில் தூர்வாருவதைவிடச் சில இடங்களில் அதிகப் பலன் தரும். வரத்துக்கால்வாய் அடைபட்டிருந்தால் எதுவுமே பலன் தராது. கண்மாய் காய்ந்து கிடக்கும், தெருவில் தண்ணீர் நிற்கும். மதுரையில் இதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

வாசகர், கோவை: மழைநீர் சேகரித்தால் வரிச் சலுகை உண்டா? வெளிநாட்டில் எப்படி?

தரையை எவ்வளவு மூடியிருக்கிறோம் என்று அளந்து மழைநீர்க் கட்டணம் வாங்கும் முறை தமிழ்நாட்டில் இல்லை. ஃபிலடெல்ஃபியாவில் முன்பு தண்ணீர் மீட்டரின் அளவை வைத்துக் கட்டணம். அதனால் தண்ணீர் இணைப்பே இல்லாத பெரிய கார் நிறுத்துமிடத்துக்குக் கட்டணமே இல்லை. அது அனுப்பும் மழைநீரோ ஏராளம். 2010 முதல் வணிக இடங்களுக்கு மூடிய பரப்பை வைத்துக் கணக்கிடத் தொடங்கினார்கள். பெர்லினில் ஒரு சதுர மீட்டர் மூடிய தரைக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் உண்டு. மழைநீர் தன் நிலத்திலேயே இறங்கினால் அது மிச்சம்.

இங்கே கொண்டுவந்தால் சிறு வீடுகளை விட்டுவிட்டு, வணிக வளாகம், கல்லூரி, தொழிற்சாலை, கல்யாண மண்டபம் ஆகியவற்றிலிருந்து தொடங்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. இந்த இடங்களின் கார் நிறுத்துமிடங்கள் ஊரின் தெருக்களுக்கு ஏராளமாகத் தண்ணீர் அனுப்புகின்றன. சலுகையை ஒருமுறை கொடுத்துவிட்டு மறக்கக் கூடாது. ஒவ்வொரு செப்டம்பரிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிச் சோதித்தபின் புதுப்பிக்க வேண்டும்.

வாசகர், அம்பத்தூர்: மொட்டைமாடித் தோட்டம் வெள்ளத்தைக் குறைக்குமா?

10 செ.மீ. மண் உள்ள தோட்டம் காய்ந்திருந்தால் 2 முதல் 3 செ.மீ. மழையைப் பிடிக்கும். நனைந்த பின் ஒரு சதுர மீட்டருக்கு 120 முதல் 150 கிலோ எடை வரும். மாடித் தளம் பொதுவாகத் தாங்க வடிவமைக்கப்படும் கூடுதல் பாரமும் 150 கிலோதான். ஆகவே பொறியாளரைக் கேட்காமல் முழு மாடியிலும் போடாதீர்கள். வெப்பத்தைக் குறைப்பது நோக்கமென்றால் வெள்ளை ஓடு பதிப்பது பல மடங்கு மலிவு. மழைக்கென்றால் தரையில் தோட்டம் மலிவு. மாடித் தோட்டத்தைக் காய்கறிக்காகப் போடுங்கள்.

குடியிருப்போர் நலச் சங்கம், ஆவடி: எங்கள் பூங்காவில் மாநகராட்சி குளம் வெட்டியது. இரண்டே ஆண்டில் குப்பைக் குழியாகிவிட்டது. யார் பொறுப்பு? எவ்வளவு செலவு?

வெட்டும்போதே பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காததுதான் கோளாறு. வெட்ட 20 லட்சம், ஆண்டுப் பராமரிப்பு ஒன்றரை லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 ஆண்டுப் பராமரிப்பை 8 சதவீத வட்டிக் கழிவில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் (அதாவது 8 சதவீத வட்டியில் இன்றே போட்டு வைக்க வேண்டிய தொகை) 14.7 லட்சம். அதாவது குளத்தின் உண்மையான விலை 20 லட்சம் அல்ல, 35 லட்சத்துக்கு அருகில். 6 லட்சம் லிட்டர் பிடிக்கும் குளத்துக்கு அப்போதும் லிட்டருக்கு 6 ரூபாய்க்குள்தான் வருகிறது, கான்கிரீட் தொட்டியைவிட மலிவு. ஆனால் 14.7 லட்சத்தை மிச்சம் பிடிக்கப் பார்த்தால் 20 லட்சமும் போய்விடும். உங்கள் பூங்காவில் நடந்தது அதுதான்.

இப்போது செய்ய வேண்டியது, தண்ணீர் நுழையும் வாயில் ஒரு மண் தொட்டி கட்டச் சொல்லுங்கள். மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி ஆழம், உள்ளே நுழையும் வாயில் 2 அங்குல இடைவெளிக் கம்பிச் சட்டம் இருக்க வேண்டும். குப்பையும் மண்ணும் குளத்துக்குள் போகாமல் இங்கேயே நிற்கும். இரண்டு பேர் அரை நாளில் அள்ளிவிடலாம். குளம் முழுக்க அள்ளுவதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை. தெருத் தண்ணீரில் எண்ணெயும் தார்த்துகளும் இருக்கும், சில இடங்களில் கள்ள இணைப்பில் சாக்கடையும் வரும். வெயில் நாளில் வாயில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது மழைநீர் இல்லை. அந்த இணைப்பை மூடும் வரை குளத்தில் உறைகிணறு போடாதீர்கள், சாக்கடையை நேரே நிலத்தடி நீருக்கு அனுப்பியதாகிவிடும்.

மாநகராட்சியோடு எழுதும் ஒப்பந்தத்தில் தேதியும் அளவும் இருக்கட்டும். செப்டம்பர் 15க்குள் மண் தொட்டி காலி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை 5 செ.மீட்டருக்கு மேல் பெய்த ஒவ்வொரு மழைக்குப் பின்னும் 48 மணி நேரத்தில் கம்பிச் சட்டம் சுத்தம். ஜனவரியில் வண்டல் அளவு எடுக்க வேண்டும், அரை அடியைத் தாண்டினால் மார்ச்சுக்குள் அள்ள வேண்டும். குளத்தின் சுவரில் அடிக்கணக்கு எழுதிய பெயிண்ட் அளவுகோல் ஒன்று வரைந்துவிடுங்கள். அதன் பூஜ்யம் வெட்டியபோது இருந்த தரைமட்டமாக இருக்க வேண்டும், இப்போது தெரியும் வண்டல் மட்டமாக அல்ல.